மருத்துவக் கட்டுரைகளைத் தேடுமாறு

தமிழ் பயிலும் எமக்கு மருத்துவப் பத்திரிகைகளில் யாது அலுவல் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். விலங்கியல் பயிலும் எம் அறைத்தோழர், இருதய நோயைப்பற்றிக் கட்டுரையொன்று வரையவேண்டிப் பப்மெட் என்னும் இணையத்தளத்தில் தேடிச் சலித்து எம்மை அழைத்தனர். அருகிருந்து நோக்கியபோது, அவ்வேலை பெரும்பாலும் சொல்லாராய்ச்சியாகவே எமக்குத் தோன்றிற்று.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தார் 1996-இல் தொடங்கி, 1997-இல் யாவர்க்கும் கட்டணமின்றித் திறந்துவிட்ட அத்தளத்தில் இன்று 3 கோடியே 50 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள. 1879-இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்பார் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிக்கஸ் என்னும் அச்சுப் பட்டியலே இதற்கு மூதாதை எனலாம். இத்துணைப் பெருங்குவியலில் ஒரே நோயைப் பலர் பல பெயரால் எழுதுவரன்றோ? ஆதலின் அந்நூலகத்தார் 1960 முதல் மெஷ் என்னும் தலைப்புச்சொற் றொகுதியைப் பேணி வருகின்றனர். “ஹார்ட் அட்டாக்” என்று தேடினும் அது “மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்” என்னும் தலைப்பிற்கு நம்மைக் கொண்டுசெல்லும். எம் நிகண்டுகளிற் காணும் ஒருபொருட் பல்பெயர்த் தொகுதியும் இதுவே செய்கின்றது. “கோல்டு” என்பதோ ஒருசொற் பல்பொருள். சளிநோய்க்கும் குளிருக்கும் ஆங்குத் தனித்தனித் தலைப்புண்டு. இரு சொற்களுக்கிடையே பெரிய எழுத்தில் “ஆண்ட்” என்றிடின் இரண்டும் உள்ளனவே வரும். “ஆர்” என்றிடின் ஒன்று மட்டும் உள்ளனவும் வரும். எம் தோழர் முன்னதற்குப் பின்னதை இட்டுப் பல்லாயிரங் கட்டுரைகளைப் பெற்றுத் திகைத்திருந்தார்!

மிகுதியாய்க் கிடைப்பது தொல்லை மட்டுமே. உள்ளது கிடையாதொழிவதோ உயிர்க்கே கேடாதலும் உண்டு. 2001-ஆம் ஆண்டு, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமாவைக் குறித்த ஆராய்ச்சியொன்று நடைபெற்றது. நோயற்றவர் சிலர் தாமே முன்வந்து ஹெக்ஸமெத்தோனியம் என்னும் மருந்தை மூச்சோடு உட்கொண்டனர். அவருள் 24 வயதினரான பெண்ணொருவர் நுரையீரல் பழுதுற்று, ஜூன் 2-ஆம் நாள் மரித்தார். ஆராய்ச்சியை நடத்திய மருத்துவர் பப்மெட்டில் தேடாமலில்லை. ஆனால் அக்காலத்து அதன் குறிப்புகள் பெரும்பாலும் 1966 முதலாகவே இருந்தன. அம்மருந்தை இரத்த அழுத்தத்திற்கு வழங்கிய 1950-களிலேயே, அது நுரையீரலைக் கெடுத்தமையை உரைக்கும் கட்டுரைகள் அச்சேறியிருந்தன. சொல்லிற் பிழையில்லை, தேடிய பட்டியல் எவ்வாண்டு தொடங்குகின்றது என்பதே நோக்கப்படவில்லை. ஜூலையில் அமெரிக்க அரசாங்கத்தார், தம் பொருளுதவியால் அப்பல்கலைக்கழகத்தில் நடந்த மனிதர்மீதான ஆராய்ச்சிகளை நிறுத்திவைத்துப் பின்னர்ப் படிப்படியாக அனுமதித்தனர்.

இப்பொழுது 1940-களின் குறிப்புகளும் அத்தளத்திற் சேர்ந்துள. எனினும், பழைய குறிப்புகள் பலவற்றிற்குச் சுருக்கவுரை இல்லை. தலைப்பு மட்டுமே உண்டு. எனவே, அக்கால ஆசிரியர் தலைப்பில் எச்சொல்லை இட்டிருப்பார் என்று எண்ணியே தேடல் வேண்டும். பழைய ஏடுகளோடு பழகியவர்க்கு இது கடினமன்று.

இவ்வரலாற்றைப் படித்த அன்றிரவே எம் தோழர், தாம் முன்பு இட்டிருந்த “கடந்த 5 ஆண்டுகள்” என்னும் வரம்பை நீக்கி மீண்டும் தேடினார். எழுபது ஆண்டு கடந்த குறிப்புகள் சில தோன்றின. அவற்றின் முழுக்கட்டுரையோ திரையிற் கிடைக்கவில்லை. மறுநாட் காலை அவர் நூலகத்தின் பின்னறை அலமாரிகளை நாடிச் சென்றார். யாமும் உடன்சென்றோம்.