நீச்சல் தெரிந்தால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ரவீந்திர சரோவர் ஏரியில் படகு வலிக்கிறான். நாகப்பட்டினத்துக்குப் போயிருந்தபோது, இன்ஜின் நின்றுபோன ஃபைபர் படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்ததைப் பார்த்தான். அதிலிருந்து கடல் மீட்புத் தொண்டராகப் போகிறேன் என்கிறான். எங்கே பயிற்சி தருகிறார்கள்? நீச்சல் தெரிந்தால் போதுமா?
- வாசகி, லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: போதாது. நன்றாக நீந்துகிறவர்கள்தான் யோசிக்காமல் குதித்துவிடுகிறார்கள். மூழ்குகிறவர் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இருவருக்கும் ஆபத்து. எட்டுகிற தூரமென்றால் கம்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை வீசு, அதற்கப்புறம் படகு. தண்ணீரில் இறங்குவது கடைசி வழி.

பிரிட்டனில் 1824இல் தொடங்கிய உயிர்காப்புப் படகுச் சங்கம் இன்றும் பெரும்பாலும் தொண்டர்களால் நடக்கிறது. இந்தியாவில் கடல் மீட்பை ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படை. அவசர எண் 1554. நடைமுறையில் முதலில் போய்ச் சேருகிற தொண்டர், பக்கத்தில் வலை போட்டிருக்கும் மீனவர்தான். வெளியாட்கள் சேர 'ஆப்த மித்ரா' இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய பேரிடர்த் தொண்டர் திட்டம். பன்னிரண்டு நாள் பயிற்சி. மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்திலும் குடிமைப் பாதுகாப்புப் பிரிவிலும் விசாரியுங்கள்.

அவன் பார்த்த இழுவை சுலபமான வேலை அல்ல. முதலில் ஆட்கள், பிறகே படகு. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், இருக்கும் ஏதோ ஒரு வளையத்தில் கயிற்றைக் கட்டினால் அது பிய்த்துக்கொண்டு வந்துவிடும்; படகின் உடலோடு பிணைந்த உறுதியான இடம் வேண்டும். இழுக்கும் படகில் கயிறு பக்கவாட்டில் இழுபட்டால் அந்தப் படகே கவிழும். இரண்டு படகுகளும் ஒரே நேரத்தில் அலை ஏறி இறங்கும்படி கயிற்றை நீளமாக விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கணம் தொய்ந்து, மறுகணம் வெடுக்கென்று இறுகும். நைலான் கயிறு நன்றாக நீண்டு கொடுக்கும். அறுந்தாலோ சாட்டையாகத் திரும்பி அடிக்கும். அதன் நேர்க்கோட்டில் எவரும் நிற்கக்கூடாது. வெட்டிவிடக் கத்தி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கயிறு தண்ணீரில் கிடக்கும்போது இன்ஜினை முடுக்கினால் புரொப்பெல்லரில் சுற்றும். அப்புறம் உதவி தேவைப்படுவது இரண்டு படகுகளுக்கு. நாகப்பட்டினத்து மீனவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். உங்கள் மகன் உட்கார்ந்து கற்க வேண்டும்.

அதுவரை உங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியே நல்ல பள்ளிக்கூடம். 2022 மே மாதம், கால்பைசாகி என்னும் கோடைப் புயலில் படகு கவிழ்ந்து பள்ளி மாணவர்கள் இருவர் அங்கேதான் இறந்தார்கள். மகனின் கிளப்பில் வீசுகயிறு இருக்கிறதா, பயிற்சி நேரத்தில் மீட்புப் படகு தண்ணீரில் நிற்கிறதா, நெஞ்சழுத்தி உயிர்மூட்டும் முதலுதவி யாருக்குத் தெரியும் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்று பதில் வந்தால், அவனுடைய தொண்டு அங்கிருந்தே தொடங்கலாம்.