புது லெப்டொப்பில் பழைய விண்டோஸ்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பலாங்கொடை, இறக்குவானை, யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வீட்டுக்கு லெப்டொப் வருவது சின்ன விஷயம் இல்லை. கொழும்பில் கடை வேலைக்குப் போன அண்ணனோ, கட்டாரில் வீட்டு வேலை செய்யும் அம்மாவோ மாதக்கணக்கில் சேர்த்த காசு அது. பிள்ளையின் உயர்தரப் பாடங்களும் பக்கத்து லயத்துத் தம்பியின் வேலை விண்ணப்பமும் அந்த ஒன்றில்தான் நடக்கும். அப்படிப்பட்ட லெப்டொப்பில் "விண்டோஸ் 7 போட்டால் வேகமாக ஓடும், டேட்டாவும் மிச்சம்" என்று யாராவது சொன்னால் கேட்கத்தான் தோன்றும்.

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 ஒக்டோபரில். அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது 2014 ஏப்ரலிலேயே முடிந்தது. புது லெப்டொப்பின் முதன்மை இயங்குதளமாக இவற்றில் எதையும் போடவே கூடாது என்பதுதான் என் முடிவு. ஆனால் பழைய மென்பொருள் உண்மையாகவே தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது.

செய்ய வேண்டியவை

பழைய விண்டோஸ் எதற்கு என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான் வரும்.

லெப்டொப் மெதுவாக ஓடுகிறது என்றால் ரேமைப் பாருங்கள். 4 ஜிபி மட்டும் இருந்தால், கூட்ட முடிந்த மொடலில் 8 ஜிபி ஆக்குங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். அதற்கும் வசதி இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் போடலாம். அது இலவசம், இன்றும் திருத்தங்கள் வருகின்றன, தமிழ் யூனிகோடும் தெரியும்.

டேட்டாதான் கவலை என்றால் அதற்கு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வழி இருக்கிறது. செட்டிங்ஸில் உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டின் பெயரைத் திறந்து 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை ஓன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்குவது நின்றுவிடும். மாதம் ஒரு முறை டவுனில் வைஃபை உள்ள உறவுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் அவற்றை இறக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு சுவிட்ச் தெரியாததால் பழைய விண்டோஸைத் தேடிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது காரணம் பாமினி. டவுனில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடிக்கிற பலரிடம் பழைய பாமினி ஃபைல்களும் பேஜ்மேக்கரும் இன்னும் இருக்கின்றன. பாமினி வெறும் எழுத்துரு ஃபைல். விண்டோஸ் 11இலும் அதை நிறுவலாம், பழைய வேர்ட் ஃபைல்கள் திறக்கும். அதற்காக இயங்குதளத்தை மாற்ற வேண்டியதில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதுவோ, அதைவிடப் பழைய மென்பொருளோ புது விண்டோஸில் முரண்டு பிடித்தால் அடுத்த குறிப்பைப் பாருங்கள்.

பழையதைப் புதியதற்கு உள்ளே ஓட்டுங்கள். வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளை விண்டோஸ் 11இல் நிறுவி, அதற்குள் எக்ஸ்பியையோ விண்டோஸ் 7ஐயோ ஒரு தனி ஜன்னலில் ஓட்டலாம். எக்ஸ்பிக்கு 1 ஜிபி ரேம் ஒதுக்கினாலே தாராளம். லெப்டொப்பில் மொத்தம் 8 ஜிபி இருந்தால் இரண்டும் சிரமமில்லாமல் ஓடும். புது விண்டோஸுக்கு டிரைவர் கிடைக்காத பழைய யூஎஸ்பி பிரிண்டரைக்கூட அந்த ஜன்னலுக்குள் இணைத்துப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் பழைய விண்டோஸுக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள், நெட்வேர்க் அடப்டரை ஓஃப் செய்துவிடுங்கள். எல்லாம் சரியாக ஓடும் நாளில் ஒரு ஸ்னப்ஷொட் எடுத்துவையுங்கள். பிறகு எது குழம்பினாலும் சில நிமிடத்தில் அந்த நிலைக்குத் திரும்பலாம். அச்சு வேலைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

எதைத் தொடுவதற்கும் முன்னால் பிரதி எடுங்கள். குடும்பப் போட்டோக்கள், ஸ்கேன் செய்த பிறப்புச் சான்றிதழ், பாடக் குறிப்புகள் எல்லாம் வெளி டிஸ்க்குக்குப் போகட்டும். லெப்டொப்போடு வந்த விண்டோஸுக்கு ஒரு 32 ஜிபி பென் டிரைவில் ரிகவரி டிரைவ் செய்துகொள்ளுங்கள். விண்டோஸோடு விற்கப்பட்ட லெப்டொப்பில் லைசென்ஸ் இலக்கம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் தானாக அக்டிவேட் ஆகிவிடும்.

காலையில் வேலையைத் தொடங்குங்கள். இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி மின்னல் எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. பற்றரி நிறைந்திருக்க வேண்டும். பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போகலாம்.

செய்யக்கூடாதவை

லெப்டொப் எந்த வருடத்தது என்று பார்க்காமல் பழைய விண்டோஸ் டிஸ்க்கைப் போடாதீர்கள். விண்டோஸ் 7 எழுதப்பட்டபோது இன்றைய பாகங்களில் பல வரவேயில்லை. யூஎஸ்பி 3.0க்கான டிரைவர் அதில் இல்லாததால் நிறுவும் திரை வந்த பிறகு மவுஸ் அசையாது, பென் டிரைவும் தெரியாது. என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டியையும் அது அறியாது, நல்ல டிஸ்க் உள்ளே இருக்கும்போதே டிஸ்க் இல்லை என்று சொல்லும். டிரைவர்களைச் சேர்த்து இவற்றைத் தாண்டினாலும் அடுத்த தடை பயாஸ். பழைய முறையில் பூட் ஆவதற்கான சிஎஸ்எம் வசதியை 2020க்குள் விலக்கப்போவதாக இன்டெல் 2017இலேயே சொல்லிவிட்டது. அது இல்லாத மெஷினில் விண்டோஸ் 7 பெரும்பாலும் முதல் லோகோவிலேயே நின்றுவிடும். இன்டெல் ஏழாம் தலைமுறையிலிருந்து வந்த புரொசசர்களில் விண்டோஸ் 7க்கு அப்டேட் வராமல் மைக்ரோசொப்ட் 2017இல் தடுத்தும்விட்டது.

பிட்லொக்கர் சாவி கையில் இல்லாமல், பழைய விண்டோஸுக்காக பயாஸில் செக்யூர் பூட்டை ஓஃப் செய்யாதீர்கள். புது லெப்டொப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டை மாற்றினால் அடுத்த முறை 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். கடைக்காரர் தன் கணக்கைப் போட்டு லெப்டொப்பை ஆரம்பித்துக் கொடுத்திருந்தால் சாவி அவரிடம் போயிருக்கும். அதை இன்றே எழுதி வாங்குங்கள்.

விண்டோஸ் 7இல் பேங்க் வேலையோ பரீட்சை விண்ணப்பமோ செய்யாதீர்கள். அதில் ஓடும் கடைசிக் குரோம் 109, 2023 ஜனவரியில் வந்தது. 2017 மே மாதத்து வன்னாக்ரை வைரஸை நினைவில் வையுங்கள். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள், பிரித்தானிய அரசு ஆஸ்பத்திரிகள் உட்பட. இன்று விண்டோஸ் 7இல் புது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கென்று வழக்கமான திருத்தம் வரப்போவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் காசின் கணக்கை அப்படியொரு மெஷினில் திறக்கவே கூடாது.

கிராக் செய்த விண்டோஸை ஏற்காதீர்கள். விண்டோஸ் இல்லாமல் விற்கும் லெப்டொப்பை வாங்கினால் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். அக்டிவேட் செய்யும் அந்தச் சின்ன புரோகிராம் முதலில் அன்டிவைரஸை ஓஃப் செய்யச் சொல்லும். எதற்கு என்று யோசியுங்கள்.

விண்டோஸ் 10 போதும் என்றும் நினைக்காதீர்கள். அதன் காலமும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

லெப்டொப்போடு வந்த விண்டோஸைத் திரும்பப் போட உதவும் ரிகவரி பார்ட்டிஷனை அழிக்க விடாதீர்கள்.

கடையில் கொடுத்துச் செய்திருந்தால் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். கெமரா, ஸ்பீக்கர், டச்பேட், திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். மூடியை மூடித் திறந்து பாருங்கள். பழைய விண்டோஸில் புது கிரபிக்ஸுக்கு டிரைவர் இல்லையென்றால் திரை மங்கலாகவோ இழுபட்டதாகவோ தெரியும். ஒன்று வேலை செய்யாவிட்டாலும், பஸ் ஏறுவதற்கு முன்பே, லெப்டொப்போடு வந்த விண்டோஸைத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.