மிளகும் திப்பிலியும் ஒரே கொடியா?

கம்மாபுரம்

அன்புள்ள கயலுக்கு,

தாத்தா எழுதுவது. உன் சித்த மருத்துவக் குணபாடப் புத்தகத்தில் ஒரு மூலிகைக்கு ஒரு குணம் போட்டிருக்கிறது, ஊர் வைத்தியர் வேறு சொல்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் கடிதம்.

இதே சிக்கலில் மாட்டிய ஒரு மருத்துவர் நம் நாட்டில் இருந்தார். பெயர் கார்சியா த ஓர்த்தா, போர்ச்சுக்கல்காரர். கட்டாயத்தின்பேரில் கிறிஸ்தவரான யூதக் குடும்பம். சலமாங்காவிலும் அல்கலாவிலும் மருத்துவம் படித்து, லிஸ்பனில் பாடம் நடத்திவிட்டு, 1534இல் கப்பலேறி கோவாவுக்கு வந்தார். 1568இல் சாகும்வரை ஊர் திரும்பவில்லை. அகமதுநகர் சுல்தான் புர்ஹான் நிஜாம் ஷாவுக்கு வைத்தியம் பார்த்தார். ஹக்கீம்களிடமும் இந்து வைத்தியர்களிடமும் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றிய அவருடைய புத்தகம் 1563இல் கோவாவிலேயே அச்சானது. படித்தவர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் அவர் தாய்மொழியில் எழுதினார், அதுவும் இரண்டு மருத்துவர்கள் பேசிக்கொள்வது போல. ஒருவர் ருவானோ, ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்திறங்கியவர். எதற்கெடுத்தாலும் கிரேக்க நூல்களைக் காட்டுவார். இன்னொருவர் ஓர்த்தாவே. இந்த மண்ணில் பார்த்ததைச் சொல்லி மறுப்பார். படித்த ஓர்த்தா கேட்கிறார், பார்த்த ஓர்த்தா பதில் சொல்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. உனக்குள்ளும் இந்த இரண்டு பேரும் இருக்க வேண்டும் கயல். ருவானோவைத் துரத்திவிடாதே. புத்தகம் படிக்காதவனுக்குக் கேட்கக் கேள்வியே இருக்காது.

திரிகடுகத்தில் நீ தினம் பார்க்கிற மிளகையும் திப்பிலியையும் எடுத்துக்கொள். இரண்டும் ஒரே செடியில் காய்ப்பவை, இளங்காய் திப்பிலி, முற்றினால் மிளகு என்று டயாஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் எழுதிவைத்தார். ஆயிரத்தைந்நூறு வருஷம் ஐரோப்பா அதை ஒப்பித்தது. இரண்டும் வேறு வேறு கொடி என்று ஓர்த்தா அடித்துச் சொன்னார். ஆனால் அவரே வெள்ளை மிளகும் கருமிளகும் தனித்தனிக் கொடியில் வருகின்றன என்றும் எழுதினார். பழத்தை ஊறவைத்துத் தோலை உரித்தால் வெள்ளை மிளகு, காயை அப்படியே உலர்த்தினால் கருமிளகு, கொடி ஒன்றுதான். மலையாளக் கரைக்கு அத்தனை பக்கத்தில் இருந்தவருக்கே இது தவறியது. ஓர்த்தாவையும் ஒப்பிக்காதே என்றுதான் சொல்கிறேன்.

நான் விருத்தாசலத்துச் செராமிக் சூளையில் வேலை பார்த்தவன். எந்த மண்ணையும் சூளையில் வேகவைத்துப் பார்க்காமல் நல்ல மண் என்று சொல்ல மாட்டோம். மருந்துக்கும் அந்தக் கறார் வேண்டும்.

நீ பார்த்ததைத் தேதி போட்டு எழுது. நம் பக்கத்து முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. 1563இல் வந்த ஓர்த்தா புத்தகத்தில் முந்திரி இல்லை. 1578இல் வந்த புத்தகத்தில் கிறிஸ்தோவல் அகோஸ்டா என்பவர் கொச்சியில் அதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். தேதியோடு எழுதியதால்தான் இன்றைக்கு நமக்கு இது துப்பாகிறது.

சொன்னவர் பெயரையும் எழுது. கொச்சியில் டச்சுக்காரர் வான் ரீட் தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. அதில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் வாக்குமூலமே அச்சாகியிருக்கிறது. இல்லாவிட்டால் அவர் யாரென்று இன்று யாருக்குத் தெரியும்? உனக்குச் செடி காட்டுகிற கிழவிக்கும் அந்த மரியாதை உண்டு.

எழுதியதை மூடியும் வைக்காதே. ஓர்த்தா இறந்த மறுவருஷம் அவர் சகோதரி கத்தரீனாவை மதவிசாரணைக்காரர்கள் கோவாவில் எரித்தார்கள். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். ஆனால் 1567லேயே குளூசியஸ் என்ற தாவரவியலாளர் அந்தப் புத்தகத்தை லத்தீனில் சுருக்கி ஆன்ட்வெர்ப்பில் வெளியிட்டுவிட்டார். ஐரோப்பா முழுக்கப் பரவியதை யார் எரிப்பது?

லீவுக்கு வரும்போது ஒரு நீள நோட்டு வாங்கி வா. பக்கத்துக்கு மூன்று கட்டம் போடு: புத்தகம் சொன்னது, வைத்தியர் சொன்னது, நான் பார்த்தது. புத்தகமும் வைத்தியரும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுதிவை. தீர்ப்பை மூன்றாவது கட்டத்துக்கு விடு. அது காலியாக இருக்கிறவரை, அந்த மருந்தை எந்த நோயாளிக்கும் எழுதிக் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் தாத்தா