பால் சேர்க்காத சாக்லேட் ஃபட்ஜ்

பால் குடித்தால் உங்களுக்கு வயிறு உப்புகிறதா? வயது கூடக்கூட, பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் பலருக்குக் குறைகிறது. அதற்காகச் சாக்லேட் ஃபட்ஜைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், பால் சேர்க்காதது எல்லாம் உடலுக்கு நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். பாலுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் கெட்டித் தேங்காய்ப்பாலிலும் தேங்காய் எண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தும்.

பேரீச்சம்பழத்தில் செய்து பாருங்கள். கொட்டை நீக்கிய 100 கிராம் பழத்தை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து மசியுங்கள். சீனியும் உப்பும் சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் 4 மேசைக்கரண்டி (பெயர்தான் வெண்ணெய், அதில் பால் இல்லை), இனிப்பில்லாத கொக்கோத் தூள் 3 மேசைக்கரண்டி சேர்த்துப் பிசையுங்கள். காலையில் கலக்கிக் குடிக்கும் சாக்லேட் பானத் தூள் வேண்டாம். அதில் பெரும்பாலும் சீனியும் பால் தூளும் இருக்கும். கலவை கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் கொக்கோ தூவலாம். தட்டில் அழுத்திப் பரப்பி, குளிர்பதனப் பெட்டியில் 2 மணி நேரம் வைத்து, 16 துண்டுகளாக வெட்டுங்கள். பல் வலுவில்லாதவர்களும் எளிதாகச் சாப்பிடலாம்.

ஒரு துண்டில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சீனிக்கு நிகரான சர்க்கரை உண்டு. பழத்திலிருந்து வந்தாலும் அதுவும் சர்க்கரையே. நீரிழிவு உள்ளவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள். பேரீச்சம்பழத்திலும் கொக்கோவிலும் பொட்டாசியம் அதிகம். வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுப்பதற்குமுன், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளதா என்று கேட்டுவிடுங்கள்.

பாலைத் தவிர்த்தால் சுண்ணாம்புச்சத்து குறையக்கூடும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, சுண்ணாம்புச்சத்து சேர்க்கப்பட்ட சோயா பானம் ஆகியவற்றை அன்றாட உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.