பதினேழு வயதில் கர்ப்பமா? மறைக்காதீர்கள்!

“எனக்குப் பதினாறு வயசுலேயே தலைச்சன் பிறந்துட்டான். நான் என்ன கெட்டா போயிட்டேன்?” சிவகங்கை, காரைக்குடிப் பக்கம் பல ஆச்சிமார் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பிழைத்தவர்கள்தானே கதை சொல்ல முடியும்? அதே வயதில் பிரசவத்தில் போய்ச் சேர்ந்த பெண்கள் வந்து சொல்ல மாட்டார்களே!

பதினெட்டு, பத்தொன்பது வயதுக்குள் கர்ப்பம் தரித்தால் ஏன் இத்தனை கவலை? அவள் உடம்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஒரே இலைச் சாப்பாட்டை வளரும் தாயும் வளரும் சிசுவும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அதனால் ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, வலிப்பு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று ஆபத்துகள் கூடுகின்றன.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் மறைப்பது! கல்யாணமாகாத பெண் என்றால் மானம் போய்விடும் என்ற பயம். 18 வயதுக்குள் கட்டிக்கொடுத்த பெண் என்றால் போலீஸ் வந்துவிடும் என்ற பயம். இரண்டிலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய முதல் மாதங்கள் வீணாகின்றன.

கஷாயம் கேட்காதீர்கள்

“வெளியே தெரியாம முடிக்க ஏதாச்சும் கஷாயம் குடுங்க ஐயா” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கொடுக்க மாட்டேன். பப்பாளிக்காய், எள், எருக்கு என்று வீட்டில் செய்து பார்ப்பதும், கடை மாத்திரையைத் தானே விழுங்குவதும் உயிருக்கு உலை வைக்கும். கருக்கலைப்பு தேவையென்றால் 1971-ம் வருடச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் தகுதி பெற்ற டாக்டரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் முடிவு போதும். 18 வயது ஆகாத பெண்ணுக்கு, 2021 திருத்தத்துக்குப் பின், இரண்டு டாக்டர்கள் ஒப்பினால் 24 வாரம் வரை இடமுண்டு. காப்பாளரின் எழுத்துச் சம்மதம் அவசியம். நாள் தள்ளத் தள்ள வழி அடைபடும்.

18 வயதுக்குக் குறைந்தவள் என்றால் போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் தெரிவித்தாக வேண்டும். ஆனால் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவள் பெயர், விவரத்தைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2022-ல் சொல்லியிருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அவளுக்கு யாராவது கொடுமை செய்திருந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

கர்ப்பம் தொடர்ந்தால்...

* உடனே கிராம சுகாதார நர்ஸிடம் பதிவு செய்யுங்கள். ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் முறையாகப் பார்க்கப்படும்.
* ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் மிக ஆபத்து.
* நாலாம் மாதம் முதல் தினமும் இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். காபி, டீயுடன் வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளையில் கொடுங்கள்.
* முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. ‘வயித்துப்பிள்ளை பெரிசாயிடும்’ என்று சோற்றைக் குறைக்காதீர்கள்.

2015-ல் தமிழக அரசு கொண்டுவந்த ‘அம்மா மகப்பேறு சஞ்சீவி’ பெட்டகத்தில் மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் உள்பட 11 சித்த மருந்துகள் இருந்தன. இவை துணைக்குத்தான், மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் மாற்று அல்ல. எதையும் சித்த மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

தீராத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், ரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தை அசைவு குறைதல்... இதில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். பிரசவத்தை, ரத்தம் ஏற்றவும் ஆபரேஷன் செய்யவும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அவளைத் தனியறையில் பூட்டி வைக்காதீர்கள்; ஏச்சுப்பேச்சும் வேண்டாம். பள்ளிப் படிப்பைத் தொடர வழி பாருங்கள். திட்டுவதற்கு ஆயுள் முழுக்க நேரம் கிடக்கிறது. அவள் ரத்தத்தைத் தேற்ற இருப்பதோ சில மாதங்கள்தான். நாளைக் காலையிலேயே அழைத்துப் போங்கள்.