ரோங்கலாப்பில் கொட்டிய வெள்ளைத் தூள்

கேள்வி: அணுகுண்டு சோதனையால் தீவுவாசிகள் பாதிக்கப்பட்டது உண்மையா?

பதில்: உண்மைதான். 1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா 15 மெகாடன் ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோங்கலாப் தீவில் சில மணி நேரத்தில் வெள்ளைத் தூள் கொட்டியது. வெடிப்பில் பொடியான பவளப்பாறை அது. விவரம் தெரியாத பிள்ளைகள் அதில் விளையாடினார்கள், குடிநீரிலும் விழுந்தது. வாந்தி, தோல் எரிச்சல், பிறகு முடி உதிர்வு. இரண்டு நாள் கழித்துத்தான் தீவுவாசிகளை அமெரிக்கா வெளியேற்றியது. அந்தத் தூளில் இருந்த கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். சிறுவர்களுக்கு அந்தச் சுரப்பி சிறியது, அதனால் பாதிப்பு அதிகம். பலருக்குப் பின்னாளில் கட்டிகள் வந்தன. அதைவிடக் கொடுமை, ஆபத்தில்லை என்று சொல்லி 1957இல் அமெரிக்கா அவர்களை அங்கேயே திரும்பக் குடியேற்றியது. 1985இல் மக்களே தீவைக் காலி செய்தார்கள். ஏற்றிச் சென்றது கிரீன்பீஸ் கப்பல். அமெரிக்க அரசின் கப்பல் அல்ல.