கையெழுத்துக்கு முன்னால் சில ஆங்கிலச் சொற்கள்



போன மாதம் ஒரு குழுவோடு நாங்களும் வங்கிக்குப் போயிருந்தோம். அவர்கள் ஆறு லட்சம் குழுக் கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டி வருகிறவர்கள். சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் பணம் எடுக்கப் போனால் வரவில்லை. "லீன் போட்டிருக்கும்மா" என்றார் அலுவலர். "லைன்ல நிக்கச் சொல்றாரு" என்று ஊக்குநர் அக்கா வரிசையில் போய் நின்றுவிட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரிக்கிற விஷயமா இது? குழுவின் சேமிப்பு முடங்கிக் கிடந்தது. அதற்குச் சம்மதம் என்ற தாளில் முன்பே கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

அதனால் வங்கித் தாளில் வரும் சில சொற்களை இந்த மாதம் படிப்போம்.

1. லீன்: 'லியன்' என்றும் சொல்வார்கள். கடன் தீரும்வரை நம் பணத்தை நாமே எடுக்க முடியாமல் பிடித்து வைக்கும் உரிமை.

2. கொலேட்டரல்: கடனுக்கு ஈடாகக் கேட்கும் நகை, நிலம், வீடு போன்ற சொத்து.

3. பிளெட்ஜ்: அடகு. நகைக்கடன் போல, பொருள் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும்.

4. ஹைபாத்திகேஷன்: பொருள் நம்மிடமே இருக்கும், ஆனால் கடனுக்கு ஈடு. கடனில் வாங்கிய ஆட்டோவை நாம் ஓட்டலாம். கடன் முடியாமல் விற்க முடியாது.

5. மார்கேஜ்: நிலம், வீட்டின் மீதான அடமானம். நடுவில் 'டி' எழுத்து இருக்கும், வாயில் வராது. 'டெட்' என்றால் கடன். அதில் 'பி' (B) ஊமை. 'ரிசீட்' என்ற ரசீதிலும் ஒரு 'பி' (பணத்துக்கு வரும் 'பி') ஊமைதான். எனவே எழுத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

6. மொரட்டோரியம்: தவணை கட்ட அவகாசம். தள்ளுபடி இல்லை! 2020-ல் கொரோனா காலத்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அவகாசம் கிடைத்தபோது, பலர் தள்ளுபடி என்றே நினைத்தார்கள். அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

முக்கியமாக ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள குழுக்களுக்கு, ரூ.20 லட்சம் வரையிலான கடனுக்குக் கொலேட்டரல் கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கில் லீன் போடக் கூடாது. இது ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் சொன்னது. அந்தக் குழுவும் இதைக் காட்டித் தீர்மானம் போட்டு மனு கொடுத்தது. லீன் எடுக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் உங்கள் கடன் பத்திரத்தை நடுவில் விரித்து வையுங்கள். படிக்கிற பிள்ளை ஒருத்தியை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல்லைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, வங்கியில் கேளுங்கள். "இதுக்கு என்ன அர்த்தம் சார்?" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கடன் நம்முடையது, கையெழுத்தும் நம்முடையது. அர்த்தமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?